கூரை வெக்கையை அடக்குவது எப்படி? யாழ்ப்பாணத்து வீடுகளின் சீலிங்குக்கு மேலே ஒரு பார்வை

சித்திரை வருடப்பிறப்பையொட்டிய நாட்களில் யாழ்ப்பாணத்தில் நண்பகல் வேளையில் முற்றத்தில் ஒரு தடியை நட்டுப் பார்த்தால் அதற்கு நிழலே இருக்காது. குடாநாடு வடக்கு அகலக்கோடு 9 பாகை 40 கலையளவில் இருப்பதால், சூரியன் அந்த நாட்களிலும் மீண்டும் ஓகஸ்ட் கடைசியிலும் எமது தலைக்கு நேர்மேலே வருகிறது. அப்போது சுவர்களில் வெயில் படுவது குறைவு. விழுகிற வெயில் முழுவதையும் வாங்குவது கூரைதான்.

வீட்டுத்திட்டங்களில் கட்டப்பட்ட 550 சதுர அடி வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது ஏறத்தாழ 51 சதுர மீற்றர். முகில் இல்லாத நண்பகலில் ஒவ்வொரு சதுர மீற்றரிலும் கிட்டத்தட்ட 1,000 வாற் வெயில் விழுகிறது. அதாவது அந்தச் சிறிய வீட்டின் கூரையில் 50 கிலோவாற். படுக்கையறைக்குப் பூட்டும் 12,000 பி.ரி.யு. ஏசி ஒன்றினால் வெளியேற்றக்கூடிய வெப்பம் 3.5 கிலோவாற் மட்டுமே. கூரையில் விழுவதில் பெரும்பகுதி காற்றோடும் வானத்தோடும் திரும்பிப் போய்விடும் என்றாலும், மிஞ்சி உள்ளே இறங்குவதே போதும். வெக்கை தாங்காமல் ஏசி வாங்கிய பலர், அறை குளிரவில்லை, பில் மட்டும் ஏறுகிறது என்று சொல்வதற்குக் காரணம் ஏசியில் இல்லை, அதற்கு மேலே இருக்கிறது. 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் மின்கட்டணம் அடுத்தடுத்துப் பெருமளவில் உயர்த்தப்பட்ட காலத்தை யாரும் மறந்திருக்கமாட்டோம்.

இது சொகுசுப் பேச்சு என்று சிலர் நினைக்கலாம். எங்களிடையே பகல் முழுக்கக் கூரைக்குக் கீழே படுத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஷெல் வீச்சிலும் துப்பாக்கிச் சூட்டிலும் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களில், கழுத்து அல்லது மேல்முதுகு மட்டத்தில் காயம்பட்டவர்களுக்குக் காயத்துக்குக் கீழே உடல் வியர்க்காது. வியர்வைதான் உடலைக் குளிரவைக்கும் வழி என்பதால், அறை சூடானால் அவர்களின் உடலும் சூடாகிக்கொண்டே போகும். ஃபானைப் போட்டாலும் 35 பாகைக்கு மேலே சூடான காற்று அவர்களுக்குப் பெரிதாக உதவாது. ஈரத்துணியால் உடலைத் துடைத்துவிட்டு ஃபானைப் போட்டால்தான் பலன். நீரிழிவுக்காரர் திறந்து பாவிக்கும் இன்சுலினும் 30 பாகைக்குக் கீழே இருக்கவேண்டியது. குளிர்சாதனப்பெட்டி இல்லாத தகர வீட்டில் அதை எங்கே வைப்பது?

முன்பு எப்படி இருந்தது?

பனையோலையாலோ கிடுகாலோ மேய்ந்த வீட்டில் கூரையின் தடிப்பே காப்பு. ஓலைகளுக்கிடையில் அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை. இரண்டு வருடத்துக்கொருமுறை மேயவேண்டும், தீப் பயம், பூச்சி பொட்டுப் பயம் என்று அதற்குக் கரைச்சல்களும் இருந்தன. பின்னர் ஓடு வந்தது. 1865இல் மங்களூரில் பாசல் மிசனரிமார் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியதற்குப் பிறகு தென்னிந்தியக் கரையோரத்திலிருந்து ஓடு கடல்வழியாக எங்கும் போனது. பனங்கைமரமும் பனஞ்சிலாகையும் போட்டு, செங்குத்தாக உயர்த்திய முகட்டில் ஓடு அடுக்கிய வீடுகளுக்குப் பெரும்பாலும் சீலிங் இருக்கவில்லை. சூடான காற்று மேலே போய் ஓட்டு இடுக்குகளால் வெளியேறியது. நாற்சார் வீடு என்றால் நடு முற்றமும் சேர்ந்து காற்றை இழுத்தது. சோழகம் வீசும் மாதங்களில் அந்த வீடுகளில் மத்தியான நித்திரை கொண்டவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

போர் அந்தக் கூரைகளைத்தான் முதலில் எடுத்தது. 1990இல் வந்த பொருளாதாரத் தடையில் சீமெந்தும் இரும்பும் வரவில்லை. பனைகள் பங்கருக்கும் காவலரண்களுக்கும் தறிக்கப்பட்டன. 1990 ஜூனில் வலிகாமம் வடக்கிலிருந்தும் 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் முழுவதிலிருந்தும் சனம் வெளிக்கிட்டபோது விட்டுவந்த வீடுகளில் சுவர் நின்றது, ஓடும் மரமும் போய்விட்டன. உயர்பாதுகாப்பு வலயத்திலிருந்து காணி விடுவிக்கப்பட்டுப் போய்ப் பார்த்தவர்கள் பலர் கண்டது வானத்தைப் பார்த்த அறைகளைத்தான். கோணற்புலம், சபாபதிப்பிள்ளை போன்ற முகாம்களில் ஒரு தலைமுறையே கொட்டில்களில் வளர்ந்தது. 2009இற்குப் பின் மீள்குடியேறியவர்களுக்குக் கிடைத்தது தகரமும் சில மூடை சீமெந்தும். தகரக் கொட்டிலுக்குள் பகல் இரண்டு மணிக்கு இருந்தவர்களுக்கு வெப்பம் பற்றி யாரும் விளக்கவேண்டியதில்லை.

2012 ஒக்ரோபரில் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தின் பெரிய கட்டத்தில் வீடொன்றுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா கொடுக்கப்பட்டது. உரிமையாளரே நின்று கட்டினார். 2015, 2016இல் அரசு கொண்டுவந்த 65,000 உருக்குப் பொருத்து வீட்டுத் திட்டத்தைப் பற்றி எழுந்த எதிர்ப்பையும் இங்கே நினைவுகூரவேண்டும். ஆர்செலர்மிற்றல் நிறுவனத்தின் அந்த வீடு ஒன்றுக்கு ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா. அத்திவாரம், அடுப்படி, பழுதுபார்ப்பு என்று பல கேள்விகள் எழுந்தன. எங்கள் வெயிலுக்கு அது ஒத்துவருமா என்பதும் அவற்றில் ஒன்று. அது சரியான கேள்வி. ஆனால் அதே கேள்வியை நாங்கள் சொந்தமாகக் கட்டும் அஸ்பெஸ்ரஸ் வீடுகளைப் பார்த்து அவ்வளவு உரத்துக் கேட்கவில்லை.

அஸ்பெஸ்ரஸ் சீற் மலிவு, மரம் குறைவாகப் போதும், சரிவும் குறைவாகப் போதும். அதனால் முகடு தாழ்ந்தது. தாழ்ந்த முகட்டுக்குக் கீழே சீலிங் அடித்தார்கள். இரண்டுக்கும் இடையில் ஒரு குறுகிய இடைவெளி. பிரச்சினை அங்கேதான் குடியிருக்கிறது.

வெப்பம் எப்படி இறங்குகிறது?

பலர் நினைப்பது, சீலிங்குக்கு மேலே சூடான காற்று தேங்கி நிற்கிறது, ஓட்டை வைத்து அதை வெளியேற்றினால் சரி என்று. அது பாதி உண்மை. சூடான காற்று மேலேதான் போகும், கீழே இறங்காது. சீலிங்கைச் சூடாக்குவது பெரும்பாலும் கதிர்வீச்சு. வெதுப்பகப் போறணைக்கு முன்னால் நின்றால் முகத்தில் அடிப்பது போன்றது அது. அதற்குக் காற்றுத் தேவையில்லை, காற்றோட்டம் அதைத் தடுப்பதும் இல்லை. 60 பாகைக்குச் சூடேறிய சீற்றின் கீழ்ப்பக்கம், ஒவ்வொரு சதுர மீற்றரிலிருந்தும் கீழேயுள்ள மனித உடலின் பக்கம் ஏறத்தாழ 170 வாற் தேறிய வெப்பத்தை அனுப்பும். அதே பக்கத்தில் மினுங்கும் அலுமினியத் தாள் இருந்தால் அது பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். மினுங்கும் உலோகம் சூடாக இருந்தாலும் கதிரை வீசுவது மிகக் குறைவு என்பதே காரணம்.

கடைகளில் 'சிசலேஷன்' என்று கேட்டால் கிடைப்பது இந்தத் தாள்தான். அதைப் போடுவதில் இரண்டு பிழைகளை அடிக்கடி காணலாம். ஒன்று, தாளைச் சீற்றோடு ஒட்டிப் போடுவது. மினுங்கும் பக்கத்துக்கு முன்னால் குறைந்தது ஓர் அங்குலக் காற்று இடைவெளி இல்லாவிட்டால் அது வெறும் உலோகத் தகடு, வெப்பத்தைக் கடத்தும். மற்றது, மினுங்கும் பக்கத்தை மேலே வைப்பது. எங்கள் செம்மண் புழுதி படிந்தால் அதன் வேலை சில மாதங்களில் குறைந்துவிடும். மினுங்கும் பக்கம் கீழே பார்க்கவேண்டும், அல்லது இரண்டு பக்கமும் மினுங்கும் தாளாக இருக்கவேண்டும்.

தாளுக்கும் முன்னால் செய்யக்கூடியது வெள்ளையடிப்பு. வெள்ளை அடிப்பது சுவருக்கு மட்டும் என்று பழகிவிட்டோம். பாசி பிடித்துக் கறுத்த சீற் விழுகிற வெயிலில் முக்கால் பங்குக்கு மேலே உறிஞ்சும். புதிதாக வெள்ளையடித்த கூரை அதில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். அகமதாபாத் நகரத்தில் 2017இல் மூவாயிரம் வரையான ஏழை வீடுகளின் கூரைகளுக்குச் சுண்ணாம்பு அடித்து ஒரு திட்டமே தொடங்கினார்கள். தெலங்கானா மாநிலம் 2023இல் குளிர்கூரைக்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது. சுண்ணாம்பு மாரி மழையில் கழுவுப்படும். தை, மாசியில் மழை ஓய்ந்தபின் ஒவ்வொரு வருடமும் அடிக்கவேண்டும். கூரைத் தண்ணீரைப் பீலியால் தொட்டிக்கு எடுப்பவர்கள் அடித்தபின் வரும் முதல் மழைத் தண்ணீரை வெளியே விட்டுவிடவேண்டும்.

கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா வேறொரு வழியைக் கையாண்டார். மழையைத் தடுக்க அடியில் சீமெந்துச் சீற், வெயிலைத் தடுக்க அதற்கு மேலே அரைவட்ட ஓடு. ஓடு நிழல் கொடுக்கும், இடையில் காற்று ஓடும். சூரிய மின்தகடு பூட்டியவர்களுக்கும் இதே நிழல் இலவசமாகக் கிடைக்கிறது. தகட்டுக்குக் கீழே உள்ள அறை எது என்று பார்த்துப் பூட்டினால் இரட்டை இலாபம்.

அந்த இடைவெளியை அறையாக்கலாமா?

இப்போது கேள்விக்கு வருவோம். வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தில் கட்டும் வீடுகளில் முகட்டை உயர்த்தி, கூரைக்குக் கீழே ஓர் அறை எடுத்து, ஏசி போடும் வழக்கம் பரவி வருகிறது. பழைய வீட்டின் சீலிங்கைக் கழற்றி மேல்வெளியையும் சேர்த்துக் குளிராக்க விரும்புபவர்களும் உண்டு. செய்யலாம். ஆனால் ஒரு முடிவை முதலில் எடுக்கவேண்டும்: காப்பு எங்கே இருக்கப்போகிறது, சீலிங்கின் மேலா, கூரையின் அடியிலா?

சீலிங்கின் மேல் காப்புப் போட்டால், அதற்கு மேலுள்ள வெளி வெளியுலகத்தைச் சேர்ந்தது. அங்கே காற்றோட்டம் இருக்கவேண்டும், ஓட்டைகளை அடைக்கக்கூடாது. கூரையின் அடியில் காப்புப் போட்டால், அந்த வெளி வீட்டுக்குள்ளே சேர்ந்துவிட்டது. அப்போது தாழ்வார இடுக்கு, முகட்டு இடுக்கு, பக்கச் சுவரின் வலைக்கல் எல்லாவற்றையும் காற்றுப் புகாமல் அடைக்கவேண்டும். இரண்டையும் பாதி பாதி செய்வதுதான் கூடாது. கூரையில் தாளும் ரெஜிபோமும் அடித்துவிட்டு வலைக்கல்லைத் திறந்து வைத்தால், ஏசி ஊரையே குளிராக்கப் பார்க்கும்.

என்னைக் கேட்டால், எங்கள் வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு முதலாவது வழியே போதும். சரிவுக் கூரையின் பரப்பு சீலிங்கின் பரப்பைவிட அதிகம். 30 பாகைச் சரிவில் 15 வீதம் கூட, அதோடு பக்கச் சுவர்களும் சேரும். அவ்வளவுக்கும் காப்பு வாங்கி, யாரும் இருக்காத வெளியையும் சேர்த்துக் குளிராக்குவதில் அர்த்தமில்லை. மேலே உண்மையிலேயே ஒருவர் படுக்கப்போகிறார் என்றால்தான் இரண்டாவது வழி.

அப்படிச் செய்வதானால், ஓட்டுக் கூரை முதல் சிக்கல். ஓடு காற்றை விடும், காற்று மழையில் சாரலையும் விடும். ஓட்டைக் கழற்றி, கைமரத்தின் மேல் பலகையோ நீர் புகாத விரிப்போ போட்டு, அதன் மேல் சிலாகை அடித்துத் திரும்ப ஓடு அடுக்கினால்தான் அடைப்பு நிற்கும். கழற்றும்போது மரத்தையும் பார்த்துவிடலாம். கறையான் தின்ற கைமரத்தைக் காப்புக்குப் பின்னால் மூடிவிட்டால், அடுத்த தடவை அது தெரிய வருவது விழும்போதுதான். மரநாயும் அணிலும் உள்ளே இல்லை என்று உறுதிப்படுத்தாமல் ஓட்டையை அடைக்கவேண்டாம். குட்டியோடு மரநாய் உள்ளே அடைபட்டால் என்ன நடக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை, மணமே சொல்லும்.

காப்புப் பொருளாகக் கையில் கிடைப்பது ரெஜிபோமும் கண்ணாடிக் கம்பளியும். இரண்டு அங்குல ரெஜிபோம் வெப்பத்தை மறிப்பது, சாதாரண அஸ்பெஸ்ரஸ் சீற் மறிப்பதைப்போல எண்பது மடங்குக்கும் மேல். ஆனால் அது எரியும், எரியும்போது கரும்புகை கக்கும். திறந்தபடி விடாமல் ஜிப்சம் பலகையாலோ சீமெந்துப் பலகையாலோ மூடவேண்டும். மின்வயரின் பிளாஸ்ரிக் உறை ரெஜிபோமில் பட்டபடி கிடந்தால் காலப்போக்கில் இறுகி வெடிக்கும். வயரைக் குழாய்க்குள் விட்டே கொண்டுபோகவேண்டும்.

ஈரப்பதன்தான் கனடாவிலும் லண்டனிலும் வீட்டு முகட்டை அறையாக்கிய உறவினர் சொல்லும் ஆலோசனை பிழைத்துப்போகும் இடம். அங்கே குளிர்காலத்தில் ஈரம் வீட்டுக்குள்ளிருந்து வெளியே போகும். அதனால் பொலித்தீன் விரிப்பைக் காப்பின் உட்பக்கம் அடிப்பார்கள். எங்களுக்கு நேர்மாறு. கடலால் சூழப்பட்ட குடாநாட்டுக் காற்று பல இரவுகளில் 24, 25 பாகையிலேயே பனித்துவிடும் அளவுக்கு ஈரமானது. ஏசி போட்ட அறையின் உட்பக்கம் பொலித்தீன் அடித்தால், வெளியிலிருந்து வரும் ஈரம் அந்தக் குளிர்ந்த விரிப்பின் பின்பக்கத்தில் தண்ணீராகி, மரத்தில் ஊறிப் பூஞ்சணம் பிடிக்கும். ஈரத்தடை எங்களுக்குக் காப்பின் வெளிப்பக்கத்தில், கூரைப் பக்கமாக இருக்கவேண்டும். ஏசியையும் 26 பாகையில் விடுவது நல்லது. 18இல் வைத்துப் போர்த்திக்கொண்டு படுக்கும் அறைகளில்தான் சீலிங் வியர்த்துக் கறை பிடிக்கிறது.

அடைத்த அறைக்கு மின்சாரம் போனபின் என்ன என்பதையும் யோசிக்கவேண்டும். திறக்கக்கூடிய யன்னல் இரண்டு பக்கமும் வேண்டும்; ஆள் வெளியேறக்கூடிய அளவில் ஒன்றாவது வேண்டும். ஜெனரேற்றரை அந்த யன்னலுக்குக் கீழே வைக்கக்கூடாது. அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை. நடக்க முடியாதவரையும் வயோதிபரையும் மேலே படுக்க வைப்பதே வேண்டாம். அவர்களுக்கு மேலுள்ள கூரையைச் சரிசெய்து கீழே படுக்க வைப்பதே மேல்.

கொங்கிறீற் பிளேற் போட்ட வீட்டுக்காரருக்கு ஒரு சொல். பிளேற் பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் கக்கும். அந்த வீடுகளில் இரவு பத்து மணிக்கும் புழுங்குவது அதனால்தான். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் ஹல்வத்துர, ஜயசிங்க ஆகியோர் பிளேற்றின் மேல் காப்புப் படையும் அதற்கு மேல் மெல்லிய கொங்கிறீற்றும் போடும் முறையை ஆராய்ந்து 2008இல் வெளியிட்டார்கள். பிளேற்றுக்குக் கீழே சீலிங் அடிப்பதைவிட மேலே மறிப்பது நல்லது. அப்போது பிளேற்றே சூடாகாது.

சீற்றில் கை வைக்கும் முன்

மேலே சொன்ன எந்த வேலைக்கும் யாரோ ஒருவர் சீற்றில் துளை போடுவார், வெட்டுவார், ஏறுவார். அஸ்பெஸ்ரஸின் எல்லா வகைகளும் புற்றுநோயை உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தூசு சுவாசத்தில் போய் நோய் வெளிப்பட 20 முதல் 50 வருடங்கள் வரை எடுக்கலாம். இலங்கையில் நீல வகை 1987இல் தடைசெய்யப்பட்டது. வெள்ளை வகையின் இறக்குமதியையும் 2018இலிருந்து படிப்படியாக நிறுத்துவதென அரசு தீர்மானித்திருந்தது. 2017 டிசெம்பரில் தேயிலைப் பொதியில் வண்டு காணப்பட்டதென்று ரஷ்யா இலங்கைத் தேயிலையைத் தடுத்தது. அஸ்பெஸ்ரஸை உலகில் அதிகம் உற்பத்தி செய்வதும் ரஷ்யாதான். இலங்கை அஸ்பெஸ்ரஸ் தடையைத் தள்ளிவைத்தது. தேயிலைத் தடையும் நீங்கியது.

ஆகவே சீற் இன்னும் எங்கள் தலைக்கு மேல் இருக்கிறது. உடையாத, நல்ல நிலையிலுள்ள சீற்றை அப்படியே விட்டு, மேலே நிறம் பூசி, கீழே தாள் அடிப்பது பாதுகாப்பு. துளைக்க வேண்டியிருந்தால் தண்ணீர் தெளித்து, கைத்துளையியால், மெதுவாக. கிரைண்டர் பிடிக்கவேண்டாம். பாசியைக் கம்பித் தூரிகையால் உலரத் தேய்க்கவோ, அழுத்தத் தண்ணீர் அடிக்கவோ கூடாது. மேலே ஏறினால் மரத்தில் பலகை வைத்து அதில்தான் கால் வைக்கவேண்டும். பழைய சீற் ஆளைத் தாங்காது.

ஷெல் விழுந்து நொருங்கிய சீற்றுகளை வளவுக்குள் குழி நிரப்பவும், ஒழுங்கைச் சேறுக்குப் போடவும் பாவித்த வீடுகள் உண்டு. அந்தத் துண்டுகளைப் பிள்ளைகள் எடுத்து நிலத்தில் கீறி விளையாடுவதைக் கண்டால், நனைத்து, தடித்த பைக்குள் இட்டுக் கட்டி, ஒதுக்குப்புறத்தில் ஆழமாகப் புதைத்துவிடுங்கள். எரிப்பதாலோ நொருக்குவதாலோ அது அழியாது.

வேலை முடிந்தபின் பலன் தெரிந்ததா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். வேலைக்கு முன் ஒரு வெயில் நாளில் பிற்பகல் இரண்டு மணிக்கு ஏணியில் ஏறி, கையைச் சீலிங்கில் ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். முடிந்தபின் அதே நேரத்தில் இன்னொருமுறை. இரண்டாவது தடவையும் கையை எடுக்கவேண்டும்போல் இருந்தால், தாள் எங்கேயோ சீற்றோடு ஒட்டியிருக்கிறது.